உரக்கடை முன்னால் ஓர் ஆவாரை

அரூரில் நான் வேலை பார்த்த பள்ளிக்கும் பேருந்து நிலையத்துக்கும் இடையில் ஒரு நீளமான தெரு உண்டு. தார்ச் சாலை முடிந்து சாக்கடை தொடங்குவதற்குள், ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கிற அகலத்துக்கு மண் தரை. அதற்கு யாரும் சொந்தக்காரர் இல்லை. பேப்பர் கப்புகளும் பான் பாக்கெட்டுகளும் கிடக்கும். வெயில் நாளில் இருசக்கர வண்டிகள் நிற்கும், மழை நாளில் தண்ணீர் நிற்கும். மொரப்பூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து இறங்கி அந்தத் தெரு வழியாகத்தான் நான் பள்ளிக்கு நடப்பேன். வருடக்கணக்காக நடந்தும் அந்த மண்ணைப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

பள்ளியில் சுற்றுச்சூழல் மன்றம் என்று ஒன்று இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஆசிரியை பென்னாகரம் பக்கம் மாறுதல் வாங்கிக்கொண்டு போனதும், உயிரியல் எடுப்பவள் என்ற ஒரே காரணத்துக்காக அது என் தலையில் விழுந்தது. அந்த வருடம் மாணவிகளைக் கொண்டு தெரு ஓரங்களில் நாட்டுச் செடிகள் வைக்க வேண்டும் என்று மேலிருந்து சொல்லியிருந்தார்கள். பேரூராட்சியில் போய்க் கேட்டோம். தண்ணீர் நீங்களே ஊற்றிக்கொள்வதானால் வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். தலைமையாசிரியை நல்லவர், சுத்தம் பிடிக்கும். நெடுஞ்சாலையின் நடுவில் வைக்கிறார்களே, அது மாதிரி வரிசையாக அரளியும், நடுநடுவே குரோட்டன்ஸும் இருந்தால் பார்க்க லட்சணமாக இருக்கும் என்பது அவர் எண்ணம். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வேண்டும்.

ஒன்பதாம் வகுப்பில் இந்த விஷயத்தைச் சொன்னபோது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். வகுப்பிலேயே உயரமானவள். மொரப்பூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து நான் வருகிற பஸ்ஸில்தான் வருவாள். வீட்டில் மரவள்ளியும் சாமந்தியும் போடுகிறவர்கள். வீட்டுக்குள் தெலுங்கு பேசுவார்கள். பஸ்ஸில் என்னைக் கண்டால் எழுந்து இடம் விடுவாளே தவிர ஒரு வார்த்தை பேசமாட்டாள். வகுப்பிலும் அப்படித்தான்.

"நாட்டுச் செடின்னா, நாம வெக்காமயே வருதே, அதுவா டீச்சர்?" என்றாள்.

கிட்டத்தட்ட அதுதான் என்றேன்.

"அப்ப அத எதுக்கு டீச்சர் நாம வெக்கணும்?"

வகுப்பு சிரித்தது. அவள் சிரிப்புக்காகக் கேட்கவில்லை. தானாக வருவதற்கு டவுனில் நாம் இடம் விட்டுவைக்கவில்லை, அதனால் வைக்க வேண்டியிருக்கிறது என்று ஏதோ சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். என் பதில் போதும் என்று நினைத்தாளா, இனிக் கேட்டுப் பயனில்லை என்று நினைத்தாளா தெரியவில்லை.

அரளி யோசனை அத்தோடு போயிற்று. பள்ளிக்கு வருகிற வழியில் யாரும் வைக்காமல் முளைத்திருக்கிற செடி எதையாவது கொண்டுவாருங்கள் என்றேன். மறுநாளிலிருந்து ஈரச் செய்தித்தாளில் சுற்றிய செடிகள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கின. தும்பை, துத்தி, நொச்சி, விராலி, குப்பைமேனி, பூளை, ஆவாரை. மண்ணைக் கொட்டுகிறார்கள் என்று கண்டக்டர் என்னிடம் புகார் சொன்னார். உயரமான பெண் ஒரு ஆவாரையை வேரோடு பெயர்த்து வந்திருந்தாள். தன் வீட்டுச் சொல்லில் அதைத் தங்கேடு என்றாள். அது நாலைந்து நாளில் செத்தது. மற்றவர்கள் கொண்டுவந்த ஆவாரைகளும் செத்தன. அதன் ஆணிவேர் நேராகக் கீழே போகிறது, அறுந்தால் பிழைக்காது. விதையிலிருந்துதான் வரவேண்டும் என்று பாடத்தில் இருப்பதைச் சொன்னேன். அவள் அடுத்த வாரம் கிலுகிலுவென்று சத்தம் போடுகிற காய்ந்த காய்களை ஒரு பை நிறையக் கொண்டுவந்தாள். விதைக்குத் தோல் கெட்டி. சத்துணவுக் கூடத்தில் வெந்நீர் வாங்கி அதில் ஊறவைத்து, பால் கவர்களில் மண் நிரப்பி ஊன்றினோம். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சுவரோரம் அந்தக் கவர்கள் வரிசையாக இருந்தன. மற்ற பெண்கள் மதியச் சாப்பாடு முடிந்து அரட்டை அடிக்கிற நேரத்தில் இவள் அங்கே குந்தியிருப்பாள்.

ஆவணி மழை ஒன்று பெய்து மண் இளகிய பிறகு தெருவில் வைக்கத் தொடங்கினோம். இளகியது மேலாக மட்டும்தான். கடப்பாரை போட்டால் சாலை போட்ட ஜல்லியும், அதற்கும் கீழே பிளாஸ்டிக்கும் வந்தன. பெண்கள் சுடிதார் துப்பட்டாவைக் குறுக்கே கட்டிக்கொண்டு குழி எடுத்தார்கள். தெருக்காரர்கள் வந்து பார்த்தார்கள். டீக்கடைக்காரர், எங்கள் தோட்டத்தில் நாங்கள் பிடுங்கி எறிகிறதை இங்கே கொண்டுவந்து வைக்கிறீர்களே என்று கேட்டார். நடவு எல்லாம் முடிந்து ஒரு வாரம் கழித்து, செடி எப்போது வைப்பீர்கள் என்று ஒரு அம்மா விசாரித்தார். வைத்தாயிற்று, இதுதான் என்று காட்டினேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு மரியாதைக்காக ஒன்றும் சொல்லாமல் போனார்.

தெருவின் நடுவில் ஒரு உரக்கடை. உரம், விதை, பூச்சிமருந்து எல்லாம் இருக்கும். சுற்று வட்டாரத்து விவசாயிகள் காலையிலேயே வந்து நிற்பார்கள். கடைக்காரர் ஐம்பதைத் தாண்டியவர், நல்லம்பள்ளிப் பக்கத்துக்காரர். கடைக்கு மேல் மாடியில் குடியிருந்தார். தன் கடைக்கு முன்னால் பெண்கள் குழி எடுப்பதைக் கல்லாவில் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். முடிக்கிற சமயம் வெளியே வந்து ஆவாரங்கன்றைக் காட்டி, இது எவ்வளவு உயரம் வரும் என்று என்னிடம் கேட்டார். நெஞ்சளவு என்று கையால் காட்டினேன். சரிங்க என்று உள்ளே போய்விட்டார்.

புரட்டாசியில் மழை நன்றாக இருந்தது. நாங்கள் எதிர்பார்த்ததைவிட வேகமாக எல்லாம் கிளம்பின. தும்பை முதலில் பூத்தது. பூளை வெள்ளை வெள்ளையாகக் கதிர் விட்டது. ஆவாரையில் பூ வரவில்லை என்றாலும் மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் வந்து இலைக்கு அடியில் முட்டை வைத்துவிட்டுப் போயின. புழுக்கள் இலையை அரித்தபோது பெண்கள் பதறினார்கள். அந்தப் புழுதான் அந்தப் பூச்சி என்று சொல்லி விட்டுவிடச் சொன்னேன். மழை இல்லாத நாளில் வீட்டிலிருந்து பாட்டிலில் கொண்டுவந்த குடிநீரில் மிச்சத்தைச் செடிக்கு ஊற்றிவிட்டு பஸ் ஏறுவார்கள்.

தீபாவளி விடுமுறை முடிந்து வந்த அன்று, பஸ்ஸிலிருந்து இறங்கி உயரமான பெண் எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தாள். உரக்கடை அருகே நின்றாள். கடைக்கு முன்னாலும், அதன் இரு பக்கத்திலும் கொஞ்ச தூரமும், செடிகள் எல்லாம் கருகியிருந்தன. இலைகள் தீயில் வாட்டியது போலச் சுருண்டு பழுப்பாகத் தொங்கின. அந்த எல்லைக்கு அப்பால் எல்லாம் பச்சையாக இருந்தன. நோயா, வெயிலா என்று நான் யோசிக்கத் தொடங்குவதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.

"மருந்து அடிச்சிருக்காங்க டீச்சர்."

விவசாய வீட்டுப் பிள்ளைகளுக்கு அதில் சந்தேகம் வராது. பின்னால் வந்த பெண்களும் அதையே சொன்னார்கள். எல்லோரும் கடையைப் பார்த்தார்கள். கடை இன்னும் திறக்கவில்லை.

அன்று முழுக்கப் பள்ளியில் இதே பேச்சு. பேரூராட்சியில் புகார் கொடுக்க வேண்டும் என்றார் தலைமையாசிரியை. போலீஸுக்கே போகலாம் என்றார் கணக்கு ஆசிரியை. மாணவிகளில் ஒரு கூட்டம் கடை ஷட்டரில் சுண்ணாம்பால் எழுதத் திட்டம் போட்டது. என்ன எழுதுவது என்பதில் ஒத்துவராமல் அது நின்றது. சாயங்காலம் உயரமான பெண் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்று, முதலில் போய் அவரிடமே கேட்டுவிடலாம் டீச்சர் என்றாள். எனக்கும் அதுவே சரியாகப் பட்டது. அவளையும் இன்னொரு பெண்ணையும் அழைத்துக்கொண்டு போனேன்.

போகிற வழியில் என்ன பேசுவது என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டேன். குழந்தைகளின் உழைப்பு, பொது இடம், பேரூராட்சி அனுமதி. கடைக்குள் நெடி மூக்கில் ஏறியது. விதைக் கம்பெனி காலண்டர்களுக்குக் கீழே அவர் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார்.

"நான்தாங்க டீச்சர் அடிச்சேன்" என்றார், நாங்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே.

நான் அடுக்கி வைத்திருந்ததற்கு வேலை இல்லாமல் போயிற்று. உயரமான பெண்தான் கேட்டாள். "எதுக்குங்கண்ணா அடிச்சீங்க?"

அவர் ஸ்டூல்களை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். பிறகு சொன்னார். குரலை ஏற்றி இறக்காமல், யாரோ ஒருவருடைய கதையைச் சொல்வதுபோலச் சொன்னார்.

நல்லம்பள்ளிப் பக்கம் அவர்களுக்கு நிலம் இருந்தது. வீடும் நிலத்திலேயே. சில வருடங்களுக்கு முன்பு ஒரு காலையில் அவர் மனைவி சாமந்தி பறித்துக்கொண்டிருந்தபோது, வரப்போரம் புதரில் இருந்த கண்ணாடி விரியன் கணுக்காலில் போட்டுவிட்டது. தருமபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து சேலத்துக்கு எடுத்துப்போனார்கள். சிறுநீரகம் வேலை செய்யாமல் பல வாரம் இயந்திரத்தில் ரத்தம் சுத்தம் செய்தார்கள். உயிர் தங்கியது. காலில் சதை அழுகி, வெட்டி எடுத்து, தோல் ஒட்டவைத்தார்கள். அந்தக் கால் இன்றைக்கும் முழுசாக ஊன்றாது. ஊருக்குத் திரும்பிய பிறகு அவரால் அந்த வீட்டில் தூங்க முடியவில்லை. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு இங்கே கடை போட்டார்.

"மண்ணே இல்லாத எடமா தேடித்தாங்க இந்த மாடிக்கு வந்தேன்" என்றார். "ஜன்னலைத் தொறந்தா ரோடும் செவுரும்தான் தெரியணும்னு. நீங்க வாசலுக்கே பொதரக் கொண்டாந்து வெச்சிட்டீங்க."

வைக்கும்போதே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

"ஊரே செடி வெய்யி, மரம் வெய்யிங்குது. வேணாம்னு சொல்ற ஆள எவன் மதிப்பான் டீச்சர்?"

கூட வந்த இன்னொரு பெண் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உயரமான பெண் வேறொன்றைக் கேட்டாள். வேர் செத்துவிட்டதா என்று. சாகாது என்றார் அவர். வேரோடு போகிற மருந்தும் கடையில் இருக்கிறது, அதை எடுக்கவில்லை, பட்ட இடத்தை மட்டும் கருக்குகிற மருந்துதான் அடித்தேன், மழை பெய்தால் தழைத்துவிடும் என்றார். ஏன் அப்படி என்று நான் கேட்டேன். அவர் கொஞ்சம் தயங்கினார்.

"புள்ளைங்க தெனம் நின்னு தண்ணி ஊத்தறத பாக்கறேனே" என்றார்.

அப்படியானால் தழைத்து வந்தால் என்ன செய்வீர்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறுபடியும் அடிப்பேன் என்றுதான் அவர் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

மறுநாள் மன்றத்துப் பெண்கள் கூடிப் பேசினார்கள். நான் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். பாம்பு வருவதானால் சாக்கடையிலிருந்து வரும், செடியிலிருந்தா வரும் என்றாள் ஒருத்தி. அவர் பாவம், ஆனால் தெரு அவருடையது இல்லையே என்றாள் இன்னொருத்தி. இன்றைக்கு இவருக்கு விட்டால் நாளைக்கு டீக்கடைக்காரர் வருவார் என்றாள் மூன்றாமவள். மூன்றும் நியாயமான பேச்சுதான். உயரமான பெண் கடைசியில் சொன்னாள். அவர் கடைக்கு முன்னால் இருப்பதை நாமே எடுத்துவிடலாம், மற்ற இடத்தில் தொடக்கூடாது என்று அவரிடம் கேட்கலாம். யாருக்கும் அது முழுசாகப் பிடிக்கவில்லை. ஆனால் அதற்கு மேல் நல்ல யோசனை யாரிடமும் இல்லை. அவர் உடனே ஒப்புக்கொண்டார். தன் கடைக்கு முன்னால் உள்ள இடம் சுத்தமாகக் கண்ணுக்குத் தெரிகிற தரையாக இருந்தால் போதும், வேறெங்கும் கை வைக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். அங்கே இனிச் செடி வைக்கமாட்டோம் என்று பெண்களும் வாக்குக் கொடுத்தார்கள்.

ஆவாரையைப் பிடுங்கி வேறிடத்தில் நட முடியாது என்பதுதான் சங்கடம். எடுத்தால் செத்தது. அதற்குள் அடித்தண்டில் சின்னச் சின்னதாகத் துளிர் விட்டிருந்தது. உயரமான பெண் வீட்டிலிருந்து களைக்கொத்து கொண்டுவந்தாள். ஒவ்வொன்றின் அடியையும் ஆழமாகத் தோண்டி, வேரோடு எடுத்து ஓரமாகப் போட்டாள். உதவிக்கு வந்தவர்களைத் தும்பையையும் துத்தியையும் எடுக்கச் சொல்லிவிட்டு ஆவாரையை அவளே எடுத்தாள். அவள் முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. கடைக்காரர் உள்ளேயே இருந்தார். முடிந்த பிறகு ஒரு விளக்குமாறு கொடுத்தனுப்பினார். அவள் அந்த இடத்தைப் பெருக்கிவிட்டு விளக்குமாற்றைத் திருப்பிக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் சொல்லும்படியாக ஒன்றும் நடக்கவில்லை. கோடையில் கொஞ்சம் செத்தன, மழையில் கொஞ்சம் தானாக முளைத்தன. நொச்சி தலைக்கு மேலே போனதால் கழித்துவிட்டோம். தெருக்காரர்கள் பழகிப்போனார்கள். பழகிப்போனார்கள் என்றால் பிடித்துப்போனது என்று அர்த்தமில்லை. நடுவில் அந்த மொட்டை இடம் மட்டும் பல்வரிசையில் ஒரு பல் போனது மாதிரி இருந்தது. நான் அரூரில் இருந்தவரை அந்தத் தெருவில் பாம்பு வரவில்லை. வந்திருந்தால் இந்தத் தோட்டம் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது.

அடுத்த ஐப்பசியில் ஆவாரை பூக்கத் தொடங்கி, மார்கழியில் தெரு முழுக்க மஞ்சளாக நின்றது. போகிப் பண்டிகை அன்று காலையில், ஒவ்வொரு வருடமும் போவதுபோல, பொங்கல் பானையும் கரும்பும் வாங்க அரூர் போனேன். எங்கள் பக்கம் பொங்கலுக்கு முந்தின நாள் காப்புக் கட்டுவோம். பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை மூன்றையும் சேர்த்துக் கட்டி, வீட்டு நிலையிலும் கொட்டகையிலும் வயலிலும் வண்டியிலும் செருகுவது. டவுனில் இருப்பவர்கள் கடைவீதியில் கட்டாக விற்பதை வாங்கிக்கொள்வார்கள். நானும் ஒரு கட்டு வாங்கிப் பையில் வைத்திருந்தேன். பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் தெரு வழியாக நடந்தேன்.

தெருவே செடிகளுக்குள் இருந்தது. செடி எப்போது வைப்பீர்கள் என்று முன்பு கேட்ட அம்மா பூளையை வேரோடு பிடுங்கி முந்தானையில் போட்டுக்கொண்டிருந்தார். டீக்கடைக்காரர் ஆவாரங்கிளையை ஒடித்துக் கடை வாசலில் செருகியிருந்தார். குழந்தைகள் கைநிறைய மஞ்சள் பூவோடு ஓடினார்கள். என்னைப் பார்த்தவர்கள் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. ஒருவர் எனக்கே ஒரு கொத்தை ஒடித்து நீட்டினார். ஏற்கெனவே வாங்கிவிட்டேன் என்று சொல்ல மனம் வராமல் அதையும் வாங்கிக்கொண்டேன்.

உரக்கடையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு பெண் ஆவாரை பறித்துக்கொண்டிருந்தார். புடவைக்குக் கீழே கான்வாஸ் ஷூ போட்டிருந்தார். கையில் ஒரு கம்பு. ஒவ்வொரு செடியை நெருங்கும்போதும் அடியில் கம்பால் தட்டிவிட்டு, பிறகு கையை நீட்டினார். ஒரு காலை இழுத்து இழுத்து வைத்தார். யார் என்று எனக்குப் புரிந்தது. அவரைத் தெருவில் நான் பார்த்ததே இல்லை. அவருக்கும் என்னைத் தெரிந்திருந்தது. மாடியிலிருந்து தினமும் பார்க்கிறேன் டீச்சர் என்றார்.

கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்தேன். குளிரில் குடைகிறது, மற்றபடி பரவாயில்லை என்றார். பிறகு கொத்துகளை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டே கேட்டார்.

"எல்லாப் பக்கமும் வெச்சிருக்கீங்க, எங்க வாசலுக்கு மட்டும் ஏங்க வெக்கல? மேல இருந்து பாத்தா அங்கதான் மொட்டையா இருக்குது."

அவருக்குத் தெரியாது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மருந்து அடித்ததும் தெரியாது, பெண்கள் பிடுங்கி எடுத்ததும் தெரியாது. நடவுக்கு முன்பே மகள் வீட்டுக்குப் போனவர், எல்லாம் முடிந்த பிறகுதான் திரும்பியிருக்கிறார். மறைப்பதா வேண்டாமா என்று யோசித்தேன். பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. ஆச்சரியப்பட்டதாகவும் தெரியவில்லை.

"கடிபட்டது நானு. பயந்துக்கறது அவரு" என்றார். "ராத்திரி மூணு தடவ எந்திரிச்சு டார்ச் அடிச்சுப் பாப்பாருங்க, மாடியில. நான் ஒண்ணும் சொல்றதில்ல."

கம்பைத் தட்டிக்கொண்டு அடுத்த செடிக்குப் போனார். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் பெண்கள் தெருவைப் பார்த்துவிட்டுக் கொதித்தார்கள். பூ ஒன்றுகூட மிச்சமில்லை. பூளை மொத்தமாகப் போய்விட்டது. ஆவாரையின் கிளைகள் தாறுமாறாக ஒடிந்து கிடந்தன. காவல் போட வேண்டும், வேலி கட்ட வேண்டும் என்றார்கள். உயரமான பெண் அப்போது பத்தாம் வகுப்பு. தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒவ்வொரு செடியாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போய்த் திரும்பி வந்தாள். ஆவாரையை யாரும் பிடுங்கவில்லை, ஒடித்துத்தான் எடுத்திருக்கிறார்கள், அது ஒடிக்க ஒடிக்கத் தழையும் என்றாள். பூளையை அடுத்த வருடம் நிறைய விதைத்துவிடலாம் என்றாள்.

"களைன்னு சொன்னவங்கதானே டீச்சர் எடுத்திருக்காங்க? எடுக்கட்டும்."

நான் அவளைத் தனியாகக் கூப்பிட்டு மாடி அம்மா கேட்டதைச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். அந்த அம்மா கேட்டதால் வைத்துவிடலாம், வாசல் அவருக்கும் சொந்தம்தானே என்பது என் எண்ணம். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. வாக்குக் கொடுத்தது கடைக்காரரிடம், அதனால் அவரிடம்தான் கேட்க வேண்டும் என்றாள். மறுபடியும் நாங்கள் இருவரும் அந்தக் கடைக்குப் போனோம்.

விஷயத்தைச் சொன்னோம். ஒரு வாடிக்கையாளர் வந்து யூரியா கேட்டார். எடுத்துக் கொடுத்து அனுப்பினார். பிறகு, "அவங்களே கேட்டாங்களா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். யோசிச்சுச் சொல்றேங்க என்றார். அந்த வாரமும் சொல்லவில்லை, அடுத்த மாதமும் சொல்லவில்லை. பெண்ணுக்குப் பொதுத் தேர்வு வந்தது. நாங்கள் கேட்கவும் இல்லை.

கோடை விடுமுறை முடிந்து பள்ளி தொடங்கிய புதிதில் ஒருநாள் கடைக்காரர் பள்ளிக்கூட வாசலுக்கு வந்து நின்றார். உள்ளே வரச்சொல்லியும் வரவில்லை. தேர்ச்சி பெற்றுப் பதினோராம் வகுப்பில் சேர்ந்திருந்த உயரமான பெண்ணைப் பார்க்க வேண்டும் என்றார். அவளை வரவழைத்தேன்.

"ஒண்ணு வெய்யி கண்ணு. ஒண்ணே ஒண்ணு. ஆவாரையே வெய்யி" என்றார். "ஆனா கெளை தரையத் தொடக்கூடாது. அடி தெரியணும். அத நானே பாத்துக்கறேன்."

அவள் சரிங்கண்ணா என்றாள். தொட்டிக்குப் பின்னால் கவர்களில் அந்த வருடத்துக் கன்றுகள் இருந்தன. இருப்பதிலேயே நேராக இருந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மழைக்குக் காத்திருந்து, அந்த மொட்டை இடத்தின் நடுவில் வைத்தாள். குழி எடுக்க இந்த முறை அவரே கடப்பாரை பிடித்தார். மாடி ஜன்னலில் அந்த அம்மா நின்றுகொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் என்று மேலேயிருந்து கையைக் காட்டினார். அவர்கள் பார்க்கவில்லை. நான் சொன்ன பிறகு ஒரு முழம் தள்ளி வைத்தார்கள்.

அவர் சொன்னபடியே பார்த்துக்கொண்டார். தண்ணீர் ஊற்றினார். கொஞ்சம் அதிகமாகவே ஊற்றினார், உரமும் வைத்தார் என்று பெண்கள் சொன்னார்கள். பக்கக் கிளை ஒன்று தலைகாட்டினால் அன்றைக்கே கத்தரித்துவிடுவார். ஆவாரை அடியிலிருந்தே கிளைத்துப் பரந்து வளர்கிற புதர். அதை அவர் ஒற்றைத் தண்டாக்கி, முழங்காலுக்கு மேல் உயர்த்தி, உச்சியில் மட்டும் தழையவிட்டார். மறு வருடத்துக்குள் அது குடை பிடித்தது மாதிரி ஆகிவிட்டது. மழைத்தூறலில் உரம் வாங்க வந்தவர்கள், இது என்ன மரம், எந்த நர்சரியில் வாங்கினீர்கள் என்று அவரிடம் கேட்பதை நானே கேட்டிருக்கிறேன். ஆவாரை என்று அவர் சொன்னால் நம்பமாட்டார்கள்.

உயரமான பெண் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு விவசாயப் பட்டயப் படிப்பில் சேர்ந்தாள். போவதற்கு முன்பு என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தபோது இருவரும் பேருந்து நிலையம்வரை அந்தத் தெருவில் நடந்தோம். கடைக்கு முன்னால் அவள் நின்று அந்தச் செடியைச் சுற்றிப் பார்த்தாள். இப்படி ஒரு ஆவாரையைக் காட்டில் எங்கேயும் பார்க்க முடியாது டீச்சர், இது ஆவாரையே இல்லை என்று சொல்லிச் சிரித்தாள். அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். கடைக்காரர் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்து, என்ன கண்ணு, நல்லா வந்திருக்குதா என்று கேட்டார். நல்லா வந்திருக்குதுங்கண்ணா என்றாள்.

இப்போது எனக்கு வேறு பள்ளி. அரூருக்கு எப்போதாவதுதான் போகிறேன். போன மாதம் போனபோது அந்தத் தெருவில் புதிய பெண்கள் சிலர், எனக்குத் தெரியாத முகங்கள், பாட்டில் தண்ணீரோடு நின்றுகொண்டிருந்தார்கள். உரக்கடைக்காரர் ஒரு முக்காலி போட்டு ஏறி நின்று, கத்தரிக்கோலால் எதையோ நறுக்கிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் ஒரு கிளை நீளமாக இருக்கிறது பாருங்கள் என்று மாடியிலிருந்து ஒரு குரல் சொல்ல, அவர் எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.